வெண்கல மணிக்கு எதிரே ஒரு பெஞ்சு

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
அக்டோபர் 20, 2024

அன்புள்ள அச்சு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஃபோனில் நீ "ம்" என்கிறாய். நான் "அப்புறம்?" என்கிறேன். மறுபடி "ம்". காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி ஸ்டாம்ப் ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். பதிலும் காகிதத்திலேயே வரட்டும்.

அம்மா போய் ஐந்து வாரம். பதின்மூன்றாம் நாள் இங்கே ஹாலில் எல்லோரும் கேட்டபோது நீ சொன்னது மனப்பாடமாக இருக்கிறது. "வார்சாவுல பத்து மணி நேரம் லேஓவர். காலையில பழைய ஊரைச் சுத்திப் பார்த்தோம். ஏர்போர்ட்டுக்குத் திரும்பி வந்து உக்காந்தோம். என் தோள்ல சாஞ்சா." நாலு வாக்கியம். "ஏகாதசி அன்னிக்கு, உபவாசத்தோட, பிள்ளை தோள்ல. கொடுத்து வெச்சவ" என்றார்கள் எல்லா ஆன்ட்டிகளும். நான் உள்ளே போய்க் காபி போட்டேன்.

நான் வார்சாவுக்கு வந்திருக்க முடியாது. உனக்கே தெரியும். என் விசா முத்திரை காலாவதி. வெளியே போனால் உள்ளே வர முடியாது. ஆறு நாள் நெவார்க்கில் ஒரு பெட்டி வந்து இறங்குவதற்காகக் காத்திருந்தேன். அதனால், அன்று காலை நீ பார்த்ததுதான் எனக்கும் மிச்சம்.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவள். நாம் சாப்பிடும்போதுகூட "போலந்து?" என்பாள். "வார்சா" என்றால்தான் அடுத்த தோசை விழும். அத்தனை தலைநகரங்களில் ஒன்றையாவது பார்த்தாள் அல்லவா. என்ன பார்த்தாள் என்று எழுது. நிமிடம் நிமிடமாக.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
விஷாகா


இர்விங், டெக்சஸ்
நவம்பர் 9, 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அத்திம்பேரும் தீக்ஷாவும் நலமா? இங்கே இன்னும் வெயில் போகவில்லை.

எழுதுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து பஸ். நாற்பது நிமிடம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கோட்டைச் சதுக்கம். உயரமான தூண். அதன் மேல் ஓர் அரசன், கையில் சிலுவை. தரை முழுவதும் உருண்டைக் கற்கள். அங்கிருந்து தெருக்கள் குறுகிக்கொண்டே போகின்றன. வீடுகள் மஞ்சள், காவி, வெளிர்ப் பச்சை. சந்தைச் சதுக்கத்தின் நடுவில் ஒரு கடற்கன்னி. வாளும் கேடயமும் வைத்திருக்கிறாள்.

மத்தியகாலத்துப் பழைய ஊர் என்கிறார்கள். உண்மையில் பழையது இல்லை. போரில் தரைமட்டமானது. மிஞ்சிய ஓவியங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக மறுபடி கட்டியிருக்கிறார்கள். சந்தைச் சதுக்கம் திறந்தது 1953இல். அம்மா பிறந்த வருடம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ என்னையும் மத்தியகாலம்னு போர்டு மாட்டிடுவாளோ?" என்றாள்.

தேவாலயத்துக்குப் பின்னால் இன்னொரு சின்னச் சதுக்கம். பெயர் கனோனியா. நடுவில், தரையிலேயே, ஒரு பெரிய வெண்கல மணி. விரிசல் விட்டது. எந்தக் கோபுரத்திலும் ஏறாதது. அதை மூன்று முறை சுற்றினால் நினைத்தது நடக்கும் என்பார்கள். அம்மா சுற்றினாள். பிரதட்சிணம் மாதிரி, நிதானமாக. பிறகு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். பச்சைப் பெஞ்சு.

அவ்வளவுதான் அக்கா.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அச்சு


பிரிட்ஜ்வாட்டர்
நவம்பர் 24, 2024

அன்புள்ள அச்சு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சௌக்கியம். உனக்கு ஒரு ஸ்வெட்டர் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை தீக்ஷாவுக்குப் படித்துக் காட்டினேன். மணி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "பாட்டி என்ன விஷ் பண்ணினா?" கேள்வி தமிழில் வந்தது, அச்சு. எட்டு வயதில் அவள் என்னிடம் தமிழில் கேட்ட முழு வாக்கியங்களை விரல் விட்டு எண்ணலாம். தெரியாது என்றேன். "மாமாகிட்ட கேளு."

எனக்கும் மூன்று கேள்விகள்.

அம்மாவின் இடது முழங்கால். பிளசன்டனில் உன் பழைய வீட்டில் நாலு படி ஏறவே கைப்பிடி தேடியவள், அந்தக் கற்களில் எப்படி நடந்தாள்?

நீ அனுப்பிய பதினோரு படங்களிலும் ஊர்தான் இருக்கிறது. கேமராவைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்கிற அம்மா ஒன்றில்கூட இல்லையே?

நெஞ்சு வலிக்கிறது, அடைக்கிறது என்று ஏதாவது சொன்னாளா? யோசித்து எழுது. இது முக்கியம்.

ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறதா என்று சொல்.

அக்கா


இர்விங்
டிசம்பர் 22, 2024

அன்புள்ள அக்கா,

ஸ்வெட்டர் கச்சிதம். நலமாக இருக்கிறேன். பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீஸில் வேலை.

கற்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுநடுவே நின்றோம். சந்தைச் சதுக்கத்தில் ஒரு கடைக்கு வெளியே உட்கார்ந்து ஆப்பிள் கேக் சாப்பிட்டோம். "இனிப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டாள்.

படம் எடுக்கும் நேரத்தில் என் ஃபோனில் சார்ஜ் போய்விட்டது.

நெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மணியைச் சுற்றும்போது என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. தீக்ஷாவுக்காகத்தான் இருக்கும் என்று சொல்லிவிடு.

புதுவருடம் உங்கள் மூவருக்கும் நல்லபடியாகப் பிறக்கட்டும்.

அச்சு


பிரிட்ஜ்வாட்டர்
ஜனவரி 12, 2025

அன்புள்ள அச்சு,

சௌக்கியம். நாளை மறுநாள் பொங்கல். தீட்டு வருடம்; இங்கே பானை வைக்கவில்லை. நீ வெளியே எங்காவது நன்றாகச் சாப்பிடு.

அம்மா ஆப்பிள் கேக் சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். சரி.

ஒரு வேலை. அம்மாவின் பாஸ்போர்ட்டை நியூயார்க் தூதரகத்தில் கொடுத்து ரத்து செய்ய வேண்டும். அது இருந்தால்தான் சென்னையில் பென்ஷன் கணக்கையும் மூட முடியும் என்கிறார்கள். கைப்பை உன்னிடம்தானே இருக்கிறது? பாஸ்போர்ட்டை மட்டும் அனுப்பினால்கூடப் போதும்.

உனக்கு ஜலதோஷம் என்று அத்திம்பேரிடம் சொன்னாயாமே. மிளகு ரசம் வைத்துக்கொள்.

அக்கா


இர்விங்
பிப்ரவரி 23, 2025

அன்புள்ள அக்கா,

ஜலதோஷம் போய்விட்டது.

கைப்பையை அப்படியே அனுப்புகிறேன். ஐந்து மாதமாக அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நான் திறக்கவில்லை. ஒருமுறை மட்டும் திறந்தேன்.

பாஸ்போர்ட் உள் ஜிப்பில் இருக்கிறது. ரத்து செய்யக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்.

எல்லாப் பக்கங்களையும்.

அச்சு


பிரிட்ஜ்வாட்டர்
மார்ச் 9, 2025

அச்சு,

கைப்பை வந்தது. கண்ணாடி, அரை டப்பா விபூதி, முழங்கால் தைலம், அன்றைய போர்டிங் பாஸ் இரண்டு, ஏர்போர்ட் காபி கப்பின் மூடி ஒன்று. மூடியை எதற்கு வைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். எல்லாப் பக்கங்களையும். கடைசி முத்திரை டெல்லி, செப்டம்பர் 14. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. போலந்து விசாவும் இல்லை, உள்ளே நுழைந்த முத்திரையும் இல்லை.

எழுத வேண்டியதை எழுது. அவசரமில்லை.

அக்கா


இர்விங்
மே 4, 2025

அக்கா,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நலமா?

அம்மா அந்த ஊரைப் பார்க்கவில்லை.

பத்து மணி நேர லேஓவரை அவளுக்காகத்தான் தேடிப் போட்டேன். ஒரு தலைநகரமாவது காட்ட வேண்டும் என்று. குடியேற்றக் கவுன்ட்டரில் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். என்னுடையது அமெரிக்கப் பாஸ்போர்ட், பத்து விநாடி. அம்மாவுடையதைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "விசா?" என்றார். கிரீன் கார்டைக் காட்டினேன். அது இங்கே விசா இல்லை என்றார்.

கிரீன் கார்டு இருந்தால் மெக்ஸிகோவுக்குள் போகலாம். ஐரோப்பாவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் பத்து முறை சரிபார்ப்பேன். கல்யாணத்தால் வந்த குடியுரிமை. கல்யாணம் போய்விட்டது, பாஸ்போர்ட் மட்டும் இருக்கிறது. அதோடு அந்தப் பழக்கமும் விட்டுப்போனது. அம்மா இன்னும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அம்மா சொன்னாள்: "நீ போயிட்டு வாடா. ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்ன பண்ணப் போறோம்? எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வா." வேண்டாம் என்றேன். ஒரே ஒரு தடவை.

இதுவரை நடந்தது தவறு. இனிமேல் எழுதுவது வேறு.

டெல்லியிலிருந்து எட்டு மணி நேரம் என் அடுத்த கல்யாணத்தைப் பற்றியே பேசினாள். "கிட்டுசாமியோட பொண்ணு சார்லட்ல இருக்காடா. அவளுக்கும் டைவர்ஸ்தான். உனக்குன்னு சமைக்க ஒரு..." நான் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டேன். அதற்கு முன் சென்னையில் மூன்று வாரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா. நாலு மணி நேரம் யாருக்கும் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

ஊரைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை. தூண், கடற்கன்னி, மணி. ஆப்பிள் கேக்கும் உண்மை. நான் சாப்பிட்டேன். மத்தியகாலம் ஜோக் நான் உண்டாக்கியது.

மணியைச் சுற்றியதும் நான்தான். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது சுற்று முடிந்ததும் ஃபோனைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அவர்கள் கொடுத்த இறப்புச் சான்றிதழில் இருக்கிற நேரமும் பன்னிரண்டு நாற்பது.

நான் திரும்பும்போது ஒன்று ஐம்பது. என் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டார்களாம். சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை இருந்தாளாம். அவளை நான் பார்க்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து போய்விட்டாள்.

தோள் எதுவும் இல்லை அக்கா.

அச்சு


பிரிட்ஜ்வாட்டர்
ஜூலை 20, 2025

அன்புள்ள அச்சு,

இங்கே எல்லோரும் நலம். இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டேன். உன் மேல் கோபத்தில் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. மீதி நாட்கள் இதை எழுதுவதற்கு.

அம்மா ஊருக்குள் போகவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அன்று இங்கே காலை ஐந்து பத்துக்கு ஃபோன் அடித்தது. உங்களுக்குப் பதினொன்று பத்து. "அம்மா" என்று திரையில் வந்தது. சாயந்திரம்தான் வரப் போகிறாளே என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்தரைக்கு எழுந்தபோது அவள் பேசிப் பதிவு செய்த செய்தி இருந்தது. ஏகாதசி, ராத்திரி அவளுக்கு என்ன பலகாரம் செய்வது என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். எழுதுகிறேன். மாற்றாமல்.

"விஷாகா, தூங்கறயா? தூங்கு. நான் ஏர்போர்ட்லதான் இருக்கேன். என்னை வெளியில விடலை. கிரீன் கார்டெல்லாம் இங்க செல்லாதாம். குழந்தை முகம் தொங்கிப் போச்சு. நான்தான் புடிச்சுத் தள்ளி அனுப்பிச்சேன். ஃப்ளைட் பூரா அவனைப் படுத்திட்டேன்டீ, கொஞ்சம் தனியாச் சுத்தட்டும். இங்க பெரிய கண்ணாடி, எல்லா ப்ளேனும் தெரியறது. நெஞ்சுல என்னமோ அடைக்கறாப்பல இருக்கு. வெறும் வயிறு பார், வாயுதான். ஒரு காபி குடிச்சா சரியாயிடும். அவன்கிட்ட சொல்லாதே. பாதியில ஓடி வந்துடுவான்."

நாற்பத்தெட்டு விநாடி.

உன்னைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கையில் ஃபோன் இருந்தது. உபவாசம், வாயு என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஏகாதசிக்கும் அவள் சொல்வதுதானே. அம்மா சொல்லாதே என்றாள், சொல்லவில்லை. ஜவ்வரிசியை ஊற வைத்தேன்.

ஐந்தரையிலிருந்து ஆறு நாற்பது வரை. ஒரு மணி பத்து நிமிடம் எனக்கு இருந்தது, அச்சு. உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் நீ தோளைப் பற்றிச் சொன்னபோது, பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். அதை உன் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் முதல் கடிதம் எழுதினேன். உன்னைச் சொல்ல வைத்துவிட்டால் என்னுடையது சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் நீ மணியை எழுதினாய். பெஞ்சை எழுதினாய். அந்த ஊரில் அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கவில்லை. அதனால் இன்னும் கேட்டேன். முழங்காலைக் கேட்டேன், படத்தைக் கேட்டேன். ஏகாதசி அன்று அவளைக் கேக் சாப்பிட வைத்தபோதுகூட, சாப்பிடட்டும் என்றுதான் இருந்தது.

மத்தியகாலம் ஜோக்கை நான் வைத்துக்கொள்கிறேன். அம்மா சொன்னதாகவே.

என் கிரீன் கார்டு போன வாரம் வந்தது. பதினான்கு வருடம். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. உன்னிடம்தான் முதலில்.

இந்த வருடம் அந்த ஏகாதசித் திதி செப்டம்பர் 3இல் வருகிறது; அன்றைக்குத்தான் அம்மாவின் வருஷாப்திகம். நீ சென்னையில் இருந்து செய்ய வேண்டும். இனி நானும் வர முடியும், வருகிறேன். டிக்கெட் போட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா


இர்விங்
ஆகஸ்ட் 3, 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன்.

நீ கூப்பிட்டிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். ஃபோனை ஏர்ப்ளேன் மோடில் வைத்திருந்தேன். இது உனக்கு ஆறுதலா, எனக்குத் தண்டனையா, தெரியவில்லை. ஆனால் உண்மை. படத்துக்குச் சார்ஜ் இல்லை என்று எழுதியது போல இல்லை.

டிக்கெட் போட்டுவிட்டேன். தோஹா வழியாக. அந்த வழியாக என்னால் முடியாது.

நீ ஜவ்வரிசியை ஊற வைத்ததில் தப்பு எதுவும் இல்லை.

சென்னையில் பார்ப்போம்.

அச்சு


வார்சா
ஆகஸ்ட் 30, 2025

அன்புள்ள அச்சு,

நலம். இதைத் தபாலில் போடப் போவதில்லை. சென்னையில் உன் கையில் தருவேன். நான் இருக்கும்போது படிக்காதே.

நான் வார்சா வழியாக வந்தேன். ஒன்பது மணி நேரம். போலந்து விசாவுக்குப் போன மாதமே விண்ணப்பித்தேன். பத்து முறை சரிபார்த்தேன்.

முதலில் உள்ளேயே இருந்தேன். பெரிய கண்ணாடியைக் கண்டுபிடித்தேன். அங்கே வரிசையாகச் சாம்பல் நிற இருக்கைகள். எது என்று தெரியாது, அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம். காபி வாங்கினேன். மூடியை வைத்துக்கொண்டேன். தரையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவளாக இருக்காது. இருந்தாலும் எழுந்து நின்றேன். அவள் துடைப்பதற்காக நான் எழுந்ததாக நினைத்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

பதினொன்று பத்துக்கு வெளியே கிளம்பினேன். கவுன்ட்டரில் முத்திரை விழுந்தது. சத்தமே இல்லாமல் விழுகிறது. அந்த மை காய்கிற வரை பாஸ்போர்ட்டைத் திறந்தே வைத்திருந்தேன். பஸ் நாற்பது நிமிடம். நீ எழுதியது சரி. தூண் சரி. கற்கள் சரி, அம்மாவால் ஒரு தெருகூட நடந்திருக்க முடியாது. கடற்கன்னியின் வாளும் கேடயமும் சரி. வீடுகளின் மஞ்சளும் காவியும் சரி. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழி கேட்காமலே கனோனியாவுக்கு வந்து சேர்ந்தேன்.

மணியை மூன்று முறை சுற்றினேன். பன்னிரண்டு நாற்பது ஆனபோது விரிசலில் கை வைத்திருந்தேன். வெயிலில் சுட்டது.

பிறகு திரும்பிப் பார்த்தேன். நான்கு பக்கமும் பார்த்தேன். சதுக்கத்தை இன்னொரு முறை சுற்றிவந்தும் பார்த்தேன்.

இங்கே பெஞ்சு எதுவும் இல்லை, அச்சு. அம்மாவை எங்கே உட்கார வைத்தாய்?

அக்கா